மூன்று நிமிடம் மட்டும் கேட்ட ஓசை

என் தந்தையார் விட்டுச் சென்ற 1973ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2, சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, சுவர்ப் பல்லி விடாமல் கத்துவது போன்ற ஓர் ஓசையோடு கிளம்பியது. மூன்று நிமிடத்துக்குள் அது தானாகவே அடங்கிவிட்டதால் அன்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த வாரம் சேலத்தில் உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தருமபுரிக்குத் திரும்பும்போது, தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கியதும், இடப்பக்கப் பாறைச் சுவரில் பட்டு அதே 'டிக் டிக்' என் காதுக்குத் திரும்பி வந்தது. மேடு முடிந்து சமதளம் வந்ததும் மறைந்துபோனது.

50 ஆண்டுகளைக் கடந்த கார்களை வின்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அப்படிப் பதிந்துவிட்டால் அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது என்பதால் நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. எங்கள் வீட்டில் இது இன்னமும் வேலை செய்யும் கார். ஆகவே ஓசையை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் பழைய கார்களைப் பார்க்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். மருத்துவர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுவதைப் போல, ஏறக்குறைய 45 கிலோமீட்டர் ஓடிச் சூடேறியிருந்த என்ஜின் அங்கே சத்தமே போடவில்லை. நான் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்ததை மெக்கானிக் கேட்டார். முட்டு நெருக்கமாக விழுகிறது, வால்வை இயக்கும் டேப்பெட் இவ்வளவு வேகமாக அடிக்காது, இது பிஸ்டன் தண்டின் அடிமுனையில் உள்ள பிக் எண்ட் பேரிங்காகத்தான் இருக்கும், என்ஜினை இறக்கிவிடலாம் என்றார். அவருடைய காதை நான் குறை சொல்ல மாட்டேன். முட்டின் வேகத்தை அவர் சரியாகவே கணித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீடு திரும்பியதும் அந்த வேகத்தை எண்ணிப் பார்க்க முடிவு செய்தேன். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு முறைதான் சுற்றும் என்பதால், ஒரு வால்வின் டேப்பெட்டோ கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் பெட்ரோல் பம்போ எழுப்பும் ஓசை, கிராங்கின் வேகத்தில் பாதியாகவே விழும். மறுநாள் காலை டேக்கோமீட்டரை இணைத்து, சோக்கை இழுத்து, என்ஜினை நிமிடத்துக்கு 900 சுற்றில் நிறுத்தினேன். அது நொடிக்கு 15 சுற்று, கேம்ஷாஃப்ட்டுக்கு ஏழரை. பதிவைக் கணினியில் அலைவடிவமாக விரித்து எண்ணியபோது இரண்டு நொடிக்கு 30 முட்டுகள் இருந்தன. கிராங்கின் வேகமேதான், அதாவது மெக்கானிக் சொன்ன பேரிங் அடிக்கும் வேகம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் என்ஜினை இறக்கும் முன் மற்றவற்றை விலக்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். என்ஜின் சூடேறினால் ஓசை போய்விடும் என்பதால் ஒரு விடியலுக்கு ஒரு சோதனைதான் செய்ய முடிந்தது. இந்த வேலை பதினொரு நாள் நீண்டதற்கு அதுவே காரணம். முதலில் டேப்பெட் இடைவெளிகளைப் பார்த்தேன். எட்டு வால்வுகள் வரிசையாக நிற்கும் இந்த என்ஜினில் ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் என, இரண்டு எண்களின் கூட்டுத்தொகை ஒன்பதாக வருமாறு அளக்க வேண்டும். எல்லாமே உரிய அளவான 0.015 அங்குலத்துக்கு ஒட்டியே இருந்தன. அடுத்த நாள், மூடியைக் கழற்றிய நிலையில் என்ஜினை ஓடவிட்டு, வால்வை அழுத்தும் ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினேன். குற்றவாளி அந்த டேப்பெட்டாக இருந்தால் இடைவெளி அடைபட்டதும் ஓசை நின்றுவிடும். ஓசை நிற்கவில்லை, சட்டை முழுக்க ஆயில் தெறித்ததுதான் மிச்சம்.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பொருத்திப் பார்த்ததில், சூடான என்ஜினில்கூட ஓட்டத்தின்போது 50 பவுண்டுக்குக் கீழே இறங்கவில்லை. தேய்ந்த பேரிங் உள்ள என்ஜினில் இதை எதிர்பார்க்க முடியாது. மேலும், பிக் எண்ட் ஓசை பெரும்பாலும் ஆயில் சூடேறி இளகிய பிறகே வலுக்கும். என் காரிலோ குளிர்ந்த நிலையில்தான் ஓசை, சூட்டில் மௌனம்.

ஏழாம் நாள், ஒவ்வொரு சிலிண்டராக எரிவதை நிறுத்திப் பார்க்க, பிளக் கம்பிகளைக் கழற்றும் சோதனை. ஒன்றாம் சிலிண்டரின் கம்பியைக் காப்பிட்ட இடுக்கியால் எடுத்தபோது என்ஜின் தடுமாறியது, ஓசை மாறவில்லை. இரண்டாம் கம்பியை எடுத்ததும் முட்டுகளில் பாதி காணாமல் போயின. அதை மாட்டிவிட்டு மூன்றாம் கம்பியை எடுத்தேன். மீண்டும் பாதி மறைந்தன. நான்காவதை எடுத்தபோது மாற்றம் எதுவும் இல்லை. பிளக்கை நிறுத்தினால் பிக் எண்ட் ஓசையும் குறையும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இரண்டாம் சிலிண்டரின் பேரிங் போயிருந்தால் இரண்டாம் கம்பி எடுத்தபோதே எல்லா முட்டும் அடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் கம்பிக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்தபோதுதான் இந்த என்ஜினின் குடும்ப வரலாறு நினைவுக்கு வந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய அம்பாசிடரில் இருப்பது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 1489 சிசி பி-சீரீஸ் பெட்ரோல் என்ஜின். அதன் சிலிண்டர் ஹெட்டில் புகை வெளியேற நான்கு துளைகள் கிடையாது, மூன்றுதான். நடுத்துளையை இரண்டாம் சிலிண்டரும் மூன்றாம் சிலிண்டரும் பங்கிட்டுக்கொள்கின்றன. எரியும் வரிசை 1, 3, 4, 2 என்பதால், மூன்றும் இரண்டும் சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளியில் புகையைத் தள்ளுகின்றன. ஆகவே நடுத்துளையில் கசிவு இருந்தால் அதன் ஓசை கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, அச்சு அசலாகப் பிக் எண்ட் போலவே விழும்.

அன்று மாலையே, வீட்டுக் குப்பை உறிஞ்சும் இயந்திரத்தின் காற்று வெளிவரும் முனையைச் சைலன்சர் குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டு, சிலிண்டர் ஹெட்டிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டின் குளிர்ந்திருந்த இணைப்பில் சோப்பு நீரைத் தெளித்தேன். நடுத்துளையின் அடிப்பக்கத்தில், கார்புரேட்டர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், நுரை மெல்லப் பொங்கியது. விரலால் தடவினால் கரி.

கழற்றிப் பார்த்ததில், இணைப்பில் கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் அந்த இடத்தில் கருகிப் பொடியாகியிருந்தது. கைக்கு எட்டாத கீழ் நட்டு விரலாலேயே திரும்பியது. மேனிஃபோல்டின் முகத்தில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்தபோது நடுவில் சற்றுக் குழிவும் தெரிந்தது. இரும்பு சூடேறி விரிந்ததும் சந்து அடைபட்டுவிடும். தொப்பூர் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது புகையின் அழுத்தம் கூடி, அடைபட்ட சந்தைத் திறந்துகொண்டு வெளிவரும். ஓசை வந்து வந்து போனதன் கதை இவ்வளவுதான். இத்தனை நாள் அந்தப் புகை டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள துளைகள் வழியாகக் காருக்குள் வரவும் வாய்ப்பிருந்தது என்பதை நினைத்தபோதுதான் எனக்கு நடுக்கம் வந்தது, பிக் எண்டுக்காக அல்ல.

தருமபுரியில் ஒரு லேத் பட்டறையில் முகத்தைச் சமப்படுத்தக் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, இன்னைக்கு இறுக்கினதோட விட்டுடாதீங்க, ஒரு தடவ ஓட்டி ஆறவச்சு மறுபடியும் இறுக்குங்க." அவர் சொன்னபடியே செய்தபோது கீழ் நட்டு இன்னும் கால் சுற்று உள்ளே போனது.

கிருஷ்ணகிரி மெக்கானிக்கிடம் கருகிய கேஸ்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது விடியற்காலையில் காரைக் கிளப்பினால், முன்பு அந்த டிக் ஓசை மறைத்திருந்த எட்டு டேப்பெட்டுகளின் சீரான சலசலப்பு மட்டும் கேட்கிறது.