கேள்வியை என் பக்கம் திருப்பிய பிறகு

கல்வி நிர்வாகப் படிப்பின் கடைசிப் பருவத்தில் செயலாய்வு கட்டாயம்; அதாவது, வேலையில் ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, அதன் விளைவை ஆராய்வது. தலைமையாசிரியராக இருந்துகொண்டே படித்ததால் தலைப்புக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தேன். 'ஆசிரியர்கள் ஏன் பாடக்குறிப்பைக் கடமைக்கு எழுதுகிறார்கள்?' என்று எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி படித்துவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் எரிச்சலாகவே இருந்தது.

உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரையில் விவரித்தபடி, திட்டமிடல், செயல், விளைவைக் கண்டறிதல் என்று சுற்றுச்சுற்றாகப் போகும் முறைதான் செயலாய்வு. பள்ளிக்கு வந்தபோது, தன் வேலையைத் தானே ஆராய்வது என்பது இதன் அடிப்படையாகிவிட்டது. அடுத்தவர் குறையைக் குறித்துவைப்பதற்குப் பெயர் மேற்பார்வை. அது எனக்கு ஏற்கெனவே நன்றாக வரும். தலைப்பை மாற்றினேன்: வகுப்பைப் பார்த்தபின் ஆசிரியரோடு நான் பேசும் விதத்தை எப்படி மாற்றுவது?

ஆறு ஆசிரியர்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அதனால் சம்மதம் கேட்பதையும் கருத்து வாங்குவதையும் ஒரு சக ஆசிரியரிடம் விட்டேன். கருத்துகளைப் பெயர் நீக்கித்தான் என்னிடம் தந்தார். இதில் அசட்டையாக இருந்தால் கிடைக்கும் தரவெல்லாம் வெறும் மரியாதைதான்.

முதல் பதிவைக் கேட்டு வெட்கிப்போனேன். 20 நிமிடத்தில் ஏறக்குறைய 15 நிமிடம் என் குரல்! முதல் சுற்றில், ஆசிரியர் பேசி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பலன் சுமார்தான். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று என் முகத்தில் தேடினார்கள். இரண்டாம் சுற்றில், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்புக்கு முன்பே அவர்களைச் சொல்லச் சொன்னேன். "நான் யாரிடம் கேள்வியே கேட்பதில்லை என்று பாருங்கள்" என்றார் ஒருவர். இத்தனை ஆண்டு மேற்பார்வையில் எனக்குத் தோன்றாத கேள்வி.

நீங்களும் செயலாய்வு செய்வதானால், நடந்ததை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதுங்கள், ஐந்து வரி போதும். தள்ளிப்போட்டால் நினைவு நம்மை நல்லவராக்கிவிடும். முன்னாய்வுகள் பற்றிய இயலைச் சுருக்கமாக வைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வில், "ஆறு பேரை வைத்து என்ன பொதுமுடிவு?" என்ற கேள்வி நிச்சயம் வரும். தடுமாறாதீர்கள். பொதுமுடிவு இதன் நோக்கமல்ல. சூழலையும் செய்ததையும் விரிவாகச் சொன்னால், தன் பள்ளிக்குப் பொருந்துமா என்பதைப் படிப்பவர் முடிவுசெய்வார். அப்படித்தான் சொன்னேன். ஒரு ஆசிரியரிடம் மட்டும் இரண்டு சுற்றிலும் எதுவும் மாறவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். தேர்வாளர்கள் அதிக நேரம் பேசியது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.