உல்மனின் ஏழாவது சொனாட்டா

ஒரு வாரமாக வேறு எதுவும் கேட்கவில்லை. இசையமைப்பாளர் விக்டர் உல்மனின் ஏழாவது பியானோ சொனாட்டா (பல பகுதிகளாக எழுதப்படும் வாத்திய இசை), ஐந்து பகுதிகள், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து.

உல்மன் 1942 செப்டம்பரில் பிராகிலிருந்து தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர். பழைய கோட்டை நகரம் ஒன்றை நாஜிகள் யூதர்களை அடைத்து வைக்கும் முகாமாக ஆக்கியிருந்தார்கள். பசி, நோய், நெரிசல், கிழக்கே போகும் அடுத்த ரயிலில் நம் பெயர் இருக்குமோ என்ற பயம். அங்கே இருந்த இரண்டு வருடத்தில் மனிதர் இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியிருக்கிறார், அதில் மூன்று பியானோ சொனாட்டாக்கள், ஒரு ஓபரா, அதுபோக சக கைதிகளின் கச்சேரிகளுக்கு உட்கார்ந்து விமர்சனம் வேறு.

ஏழாவதை முடித்த தேதி 1944 ஆகஸ்ட் 22. தன் பிள்ளைகளுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். அவர்களில் இரண்டு பேர் போருக்கு முன்பே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு விட்டார்கள். எட்டு வாரம்கூட ஆகவில்லை, அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அங்கேயே கொல்லப்பட்டார். முகாம் நூலகத்தைக் கவனித்து வந்த எமில் உட்டிட்ஸிடம் கையெழுத்துப் பிரதிகளை விட்டுப் போனதால்தான் இன்று நமக்கு இவை கிடைத்திருக்கின்றன.

எனக்கு உயிர் கடைசிப் பகுதிதான். எளிமையான ஒரு ஹீப்ரு பாட்டை எடுத்து ஒவ்வொரு விதமாக மாற்றி மாற்றி வாசிக்க வைத்துவிட்டு, அப்புறம் அதையே ஃபியூக் ஆக்குகிறார். ஒரு குரல் மெட்டைத் தொடங்க, இன்னொரு குரல் அதே மெட்டோடு பின்னால் வந்து சேர, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போகும் வடிவம் அது. அதற்குள் செக் மக்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பழைய போர்ப் பாடல், பதினைந்தாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய ஹுசைட்களுடையது, நுழைகிறது, ஜெர்மன் தேவாலயத்தில் பாடும் நன்றிப் பாட்டு நுழைகிறது, ஜெர்மன் இசைமேதை பாக் பெயரின் எழுத்துகளே (B-A-C-H, ஜெர்மன் முறையில் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தின் பெயர்) நாலு சுரங்களாக வந்து போகின்றன. ஜெர்மன் பேசி வளர்ந்து, பிராகில் வாழ்ந்து, யூதன் என்று அடைக்கப்பட்ட ஒருவர் இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் தடவை அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு, பியானோ பிரதியிலேயே எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று குறித்து வைத்திருக்கிறார். மனதில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவே ஓடியிருக்கிறது! அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பின்னாளில் பெர்ன்ஹார்ட் வுல்ஃப் இதை உல்மனின் இரண்டாவது சிம்பொனியாக எழுதி முடித்தார்.

இதே நேரத்தில் எனக்கு ரஷ்ய இசையமைப்பாளர் சதெராட்ஸ்கி ஞாபகமும் வருகிறது. ஸ்டாலின் காலத்தில், கோலிமா முகாமில், பியானோவே இல்லாமல் தந்திப் படிவங்களில் 24 பிரெலூட்களும் (ஃபியூக்குக்கு முன் வரும் சிறு முன்னிசை) ஃபியூக்களும் எழுதியவர். முழுத் தொகுப்பும் மேடையேற 2014 வரை ஆனது. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இந்த மாதிரி இசையைப் போட்டுக்காட்டினால் எல்லோரும் உடனே "ஐயோ பாவம்" என்கிறார்கள். சரி, அது வரத்தான் செய்யும். ஆனால் பரிதாபத்தோடு கேட்டால் உல்மன் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதே காதில் விழாது. தயவுசெய்து முதல் பகுதியை ஒரு தடவை, எழுதியவர் யார் என்பதை மறந்துவிட்டுக் கேளுங்கள். அந்தப் பிரதியில் அவரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்: தான் உயிரோடு இருக்கும்வரை இதை மேடையேற்றும் உரிமை இசையமைப்பாளருக்கே.