நடைகூடத்தின் மறுகோடி

பிப்ரவரி 11

தூக்கம் வரவில்லை. 'தி எக்சார்சிஸ்ட் 3' பேய்ப்படத்தை மறுபடியும் போட்டேன்; மருத்துவமனை நடைகூடக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 12

கேமரா ஒரு கோடியில் அசையாமல் நிற்கிறது. மறுகோடியில் இரவுப் பணியிலுள்ள செவிலி நடமாடுகிறார், காவலர் வருகிறார், போகிறார். ஏதோ சத்தம் கேட்டு ஓர் அறைக்குள் செல்கிறார் செவிலி. கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி உருகி விரிசல் விடும் ஓசைதான் அது. அங்கே படுத்திருப்பவர் திடுக்கிட்டு எழுந்து கத்த, வர வேண்டிய அதிர்ச்சி வந்துவிட்டது என்று நாம் மூச்சு விடுகிறோம். அதன்பின், செவிலி வேறோர் அறையிலிருந்து வெளியே வந்து நடக்கும்போது, வெள்ளைத் துணி போர்த்திய உருவம் பெரிய கத்தரியை நீட்டியபடி பின்னாலேயே வெளிப்படுகிறது. சட்டென்று தலையில்லாத சிலை. ஒரு சொட்டு இரத்தம்கூடக் காட்டப்படவில்லை. இவ்வளவு பொறுமையாக நம்மைக் காக்க வைத்த பேய்ப்படம் வேறெதுவும் என் நினைவில் இல்லை.

பிப்ரவரி 13

அறிக்கை வரவில்லை. நாளை என்கிறார்கள்.

பிப்ரவரி 14

இறுதிக் காட்சியை நினைத்தாலே கோபம் வருகிறது. 1983இல் தாம் எழுதிய 'லீஜியன்' நாவலை வில்லியம் பீட்டர் பிளாட்டி தாமே இந்தப் படமாக இயக்கி முடித்த பிறகு, 'எக்சார்சிஸ்ட்' (பேயோட்டி) என்ற தலைப்புக்கு ஏற்பப் பேயோட்டும் சடங்கு ஒன்று வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்தினார்கள். அதுவரை கதைக்குச் சற்றும் தேவைப்படாத பாதிரியார் ஒருவர் நுழைகிறார். தரை பிளக்கிறது, தீ எரிகிறது, அடங்கிய குரலில் பேசிவந்த படம் திடீரென்று கூச்சலிடுகிறது. ஆனால் சிறை அறையில் அமர்ந்திருப்பவனின் முகம் நடிகர்கள் ஜேசன் மில்லருக்கும் பிராட் டூரிஃபுக்கும் இடையே மாறி மாறித் தோன்றுவதும் அந்த மறுபடப்பிடிப்பில் கிடைத்ததுதான். பிளாட்டியின் முதல் வடிவத்தில் அந்த அறையில் டூரிஃப் மட்டுமே இருந்தார். 2016இல் பழைய வீடியோ நாடாக்களின் உதவியோடு அவ்வடிவத்தை மீட்டு வெளியிட்டார்கள். அதில் கதை சீராக இருக்கிறது. ஆயினும் இறந்துபோன நண்பன் பாதிரியார் காரஸின் முகத்தை (மில்லரின் முகம்) துப்பறியும் அதிகாரி கிண்டர்மன் எதிரே காணும் வேதனை அதில் குறைந்துவிடுகிறது. படத்தைக் கெடுத்த கையே அதன் மிக நல்ல பகுதி ஒன்றையும் தந்திருக்கிறது என்பதை ஏற்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

பிப்ரவரி 16

கெண்டை மீன் காட்சி. மாமியார் குளியல் தொட்டியில் உயிரோடு விட்டிருக்கும் மீனால் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை என்று கிண்டர்மனாக நடிக்கும் ஜார்ஜ் சி. ஸ்காட், நண்பரான பாதிரியார் டயரிடம் பொரிந்து தள்ளுகிறார். கதைக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே படத்தின் உயிர். காரஸின் நினைவு நாளில் இருவரும் சேர்ந்து சினிமாவுக்குப் போகிறார்கள், மற்றவரைத் தேற்றவே தாம் போவதாக ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த நட்பை அறிந்ததால்தான், டயரின் இரத்தம் முழுவதும் சிறு கலங்களில் வடிக்கப்பட்டுக் கட்டிலருகே ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

பிப்ரவரி 17

இன்று படம் பார்க்கவில்லை. வேறு தளத்துக்கு மாற்றினார்கள்.

பிப்ரவரி 19

மருத்துவமனையின் உட்கூரையில் ஊர்ந்து செல்லும் மூதாட்டியைப் பற்றி எழுதாமலே விட்டிருக்கிறேன். அது சிரிப்பூட்டுகிறது என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. கீழே நிற்கும் கிண்டர்மன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் அது வெறும் தந்திரக் காட்சியாகப் போயிருக்கும். இதை விரிவாக எழுத வேண்டும். அழைக்கிறார்கள், அறிக்கை வந்துவிட்டதாம்.