வடக்கு எந்தக் கைப்பக்கம்?

முதல்முறை டெல்லியிலிருந்து காத்மாண்டு போனபோது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வழிநெடுக சமவெளியும் அதன்மேல் படிந்த மூட்டமும்தான். திடீரென்று இடப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் தலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. அன்று நான் பார்த்த இமயமலை அவ்வளவுதான். அந்த ஏக்கம் பல வருஷம் தீரவில்லை.

அதனால் அம்மாவை நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்கு அழைத்துப் போவது என்று முடிவானதும், டிக்கெட் போடும் முன் வரைபடத்தை விரித்தேன். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்னும் தலம் அது, 108 திவ்யதேசங்களில் ஒன்று. அம்மாவின் நெடுநாள் ஆசை. போகிற வழியில் மலையும் அவர் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை.

கணக்கு எளிதுதான். நேபாளத்தில் பனிமலைகள் வடக்கே நிற்கின்றன. விமானம் போகும் திசையில் வடக்கு எந்தக் கைப்பக்கம் விழுகிறதோ, அங்கே உட்கார வேண்டும். டெல்லியிலிருந்து காத்மாண்டு கிழக்கு, தென்கிழக்காகப் போகிறது. ஆகவே இடப்பக்கம், 'ஏ' இருக்கை. காத்மாண்டிலிருந்து டெல்லி திரும்பும்போது வலப்பக்கம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கண் கூசாது, வெயில் நேராக மலை முகத்தில் விழும்.

பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. இறக்கைக்கு நேர்மேலே உட்கார்ந்தால் பாதிக் காட்சி போய்விடும். இஞ்சினுக்குப் பின்னால் என்றால் வெப்பக்காற்றில் மலை நடுங்கித் தெரியும். இறக்கைக்கு முன்வரிசைகளே நல்லது. நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம், காலை விமானம். மழைக்காலம் முடிந்து வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

பாதி தூரம் தாண்டியிருப்போம். அம்மா என் கையைத் தட்டினார். "அந்த மேகம் மட்டும் ஏன்டா நகரவே மாட்டேங்குது?"

மேகம் இல்லை, தௌலகிரி. 8,167 மீட்டர். அதற்குப் பின்னால் அன்னபூர்ணா, மீன்வால்போல் பிளந்த மச்சபூச்சரே, பிறகு மனாஸ்லு. அம்மா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் நெற்றியைப் பதித்துக்கொண்டார்.

காத்மாண்டிலிருந்து போக்ராவுக்கு மேற்கே பறக்க வேண்டும், எனவே வலப்பக்கம். எங்களுக்கு இருக்கை எண் தரவில்லை, முந்தியவருக்கு ஜன்னல். இறக்கை மேலே இருக்கும் ஏடிஆர் விமானம் என்பதால் கீழே பார்க்கவும் தடையில்லை.

ஆனால் இந்தப் பயணத்தின் உயிர் போக்ராவிலிருந்து முக்திநாத்துக்குப் பக்கத்திலுள்ள ஜோம்சோமுக்குப் போகும் பறப்பில்தான் இருக்கிறது. பத்தொன்பது பேருக்குள் கொள்ளும் சிறு விமானம், இருபது நிமிடம். முற்பகலுக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும் என்பதால் விடிகாலையிலேயே புறப்பாடு. காளிகண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கின் வழியே வடக்கு நோக்கிப் போகிறது. இங்கே வடக்குக் கணக்கு செல்லாது. இடப்பக்கம் தௌலகிரி, வலப்பக்கம் அன்னபூர்ணாவும் நேபாளத்து நீலகிரியும். விமானத்தில் உட்கார்ந்துகொண்டு மலையை அண்ணாந்து பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

முதலில் ஏறிய அம்மாவுக்கு வலப்பக்கம் கிடைத்தது. நான் இடப்பக்கம் தௌலகிரியில் மூழ்கியிருந்தேன். காலை வெயில் அதன் கிழக்கு முகத்தில் பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா சிகரத்தையே பார்க்கவில்லை. கீழே, வெகு ஆழத்தில், சாம்பல் நிறக் கூழாங்கல் படுகையில் நூலாகப் பிரிந்து ஓடும் கண்டகியைப் பார்த்துக் கைகூப்பியிருந்தார். எங்கள் வீட்டுப் பூஜையில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் சாளக்கிராமக் கல் அந்த ஆற்றில் கிடைப்பதுதான்.

ஜோம்சோமில் இறங்கி, முக்திநாத் ஜீப்புக்குக் காத்திருக்கும்போதே கேட்டார். "திரும்பி வரச்சே எந்தப் பக்கம்டா உட்காரணும்?"

"அதே வலப்பக்கம்தான்மா. தெற்கே திரும்பினதும் தௌலகிரி உன் பக்கம் வந்துடும்."