கியூவேரியன்ட்: முதல்முறை என்னைக் கவிழ்த்த பகுதியும் இரண்டாம் முறை கரை சேர்த்த ஒரு வரியும்

போன வியாழக்கிழமை மாலை முடிவு வந்தது. கியூட்டி (சி++ மொழியில் ஜன்னல், பொத்தான், அட்டவணை கொண்ட நிரல்கள் எழுத உதவும் நூலகம்) செய்முறைத் தேர்வில் 100-க்கு 81. எட்டு மாதங்களுக்கு முன் இதே தேர்வில் 47 எடுத்துத் தோற்றேன். இடைப்பட்ட காலத்தில் நான் புதிதாகப் படித்தது அதிகமில்லை. கியூவேரியன்ட் என்ற ஒரே ஒரு கிளாஸை, அதாவது எந்த வகை மதிப்பையும் உள்ளே வைத்துக்கொள்ளும் டப்பாவை, ஒழுங்காகப் புரிந்துகொண்டேன், அவ்வளவுதான். நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்வின் அமைப்பு இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். சிக்னல், ஸ்லாட், லேஅவுட் போன்ற கியூட்டியின் அடிப்படைகள் பற்றியும் எழுதப்போவதில்லை. நான் பார்த்தவரை அவற்றில் யாரும் தோற்பதில்லை. கியூவேரியன்ட்டில்தான் தோற்கிறார்கள், அதுவும் அங்கேதான் தோற்றோம் என்று தெரியாமலே.

முதல்முறை எனக்கு வந்த கேள்வி எளிமையானது. ஒரு கடையின் பில் பட்டியலை அட்டவணையாகக் காட்ட வேண்டும். பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் வரிசைப்பட வேண்டும். நிரலின் அமைப்புகளை ஐஎன்ஐ என்ற எளிய உரைக் கோப்பில் சேமித்து மறுபடி படிக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். தொகைப் பத்தி பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ‘ரூ.’ சேர்த்திருந்தேன். தேர்வாளர் வந்து தொகையின் தலைப்பை ஒருமுறை சொடுக்கினார். மேலே ரூ. 1050 நின்றது. அதற்குக் கீழே ரூ. 120, பிறகு ரூ. 85, கடைசியில் ரூ. 9.

“தம்பி, ஒன்பது ரூபாய் ஏன் கடைசியில் நிற்கிறது?”

“பார்க்கிறேன் சார்” என்றேன். மிச்சமிருந்த அரைமணி நேரமும் வரிசைப்படுத்தும் பகுதியிலேயே தேடினேன். தவறு அங்கே இல்லை. ஒவ்வொரு மதிப்பையும் டுஸ்ட்ரிங் (மதிப்பைச் சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக மாற்றும் ஃபங்ஷன்) போட்டுத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. ‘ரூ.’ ஒட்டைக்கூட எடுத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் அதே வரிசை. ஏனென்றால் எண்ணைச் சரமாக மாற்றும் வேலையை நான் விடவில்லை. முழு எண் 120-உம், ‘120’ என்கிற சரமும் டுஸ்ட்ரிங் போட்டால் ஒரே மாதிரிதான் அச்சாகும். நோயைக் காட்ட வேண்டிய கருவியே நோயை மறைத்துக்கொண்டிருந்தது.

இனி அந்த ஒரு வரி. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கியூவேரியன்ட்டைப் பிரிக்காமல் அப்படியே கியூடீபக்கில் (சோதனைக்காக மதிப்புகளை அச்சிடும் கியூட்டி வசதி) அச்சிடுங்கள். டுஸ்ட்ரிங் வேண்டாம், முழு எண்ணாக மாற்றும் டுஇன்ட்டும் வேண்டாம். அப்படி அச்சிட்டால் மதிப்போடு அதன் வகையும் சேர்ந்து வரும். ஒன்றில் ‘இன்ட், 120’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘கியூஸ்ட்ரிங், 120’ என்று இருக்கும். இன்ட் என்றால் முழு எண், கியூஸ்ட்ரிங் என்றால் சரம். எனக்குத் தேவைப்பட்ட பதில் அந்தச் சின்ன வார்த்தையில் இருந்தது. தேர்வு மையத்தில் அரைமணி நேரம் தேடியதை வீட்டில் பத்து நொடியில் கண்டுபிடித்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கியூவேரியன்ட் என்பது பெயர்ச்சீட்டு ஒட்டிய டப்பா. உள்ளே முழு எண் இருக்கலாம், சரம் இருக்கலாம், தேதியோ நிறமோ இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். என்ன வகை என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். அட்டவணைக்குத் தரவு தரும் மாடலின் டேட்டா ஃபங்ஷன் எழுத்து, நிறம், எழுத்துரு, டிக் அடிக்கும் கட்டம் எல்லாவற்றையும் ஒரே வழியாகத் திருப்பித் தர வேண்டியிருப்பதால் இப்படி ஒரு டப்பா இல்லாமல் முடியாது. சி++ ஸ்டாண்டர்டு நூலகத்துக்குள் இதே மாதிரி டப்பாக்களான வேரியன்ட்டும் எனியும் 2017 பதிப்பில்தான் வந்தன. கியூட்டியில் அதற்கு வெகு முன்பிருந்தே இது இருக்கிறது.

ஸ்டாண்டர்டு வேரியன்ட்டில் எந்தெந்த வகைகள் வரலாம் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுத வேண்டும். தவறான வகையைக் கேட்டால் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும், அதைக் கையாளாவிட்டால் நிரல் நின்றுவிடும். கியூவேரியன்ட் நிற்காது. மாற்ற முடிந்தால் மாற்றித் தரும், முடியாவிட்டால் ஒரு வெற்று மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ‘அப்துல்’ என்ற சரத்தை முழு எண்ணாகக் கேட்டால் பூஜ்யம் வரும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் வாய் திறக்காது. பிழையைச் சத்தம் போட்டுச் சொல்லும் மொழிகளில் பழகி வந்தவர்கள் இங்கே அடிவாங்குவது இதனால்தான். டுஇன்ட்டுக்குள் உண்மை, பொய் இரண்டில் ஒன்றை வைக்கும் ஒரு பூல் மாறியின் முகவரியைக் கொடுத்தால் மாற்றம் நடந்ததா இல்லையா என்று சொல்லும். அதை ஒவ்வொரு முறையும் கொடுங்கள். மதிப்பெண் கிடைக்கிறதோ இல்லையோ, உங்கள் நேரம் மிஞ்சும்.

என் பில் பட்டியலுக்கு வருகிறேன். அட்டவணையை வரிசைப்படுத்தும் கியூசார்ட்ஃபில்டர்ப்ராக்ஸிமாடல் (ப்ராக்ஸி) உள்ளே இருக்கும் வகையைப் பார்த்துத்தான் ஒப்பிடுகிறது. எண் என்றால் எண்ணாக, சரம் என்றால் எழுத்து எழுத்தாக. ‘1’ என்ற எழுத்து ‘9’-க்கு முன்னால் வருவதால் 1050 முதலில் நின்றது. தீர்வு இதுதான். அட்டவணை எதற்காக மதிப்பைக் கேட்கிறது என்பதைச் சொல்வது ரோல். திரையில் காட்டுவதற்கான டிஸ்ப்ளேரோல் கேட்டால் ‘ரூ.’ சேர்த்த சரத்தைக் கொடுங்கள். நம் சொந்தப் பயனுக்கு விடப்பட்ட யூசர்ரோல் கேட்டால் வெறும் எண்ணைக் கொடுங்கள். செட்சார்ட்ரோல் மூலம் ப்ராக்ஸியை யூசர்ரோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிடச் சுத்தமான வழி, மாடலில் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கட்டத்தை வரையும் டெலிகேட்டின் டிஸ்ப்ளேடெக்ஸ்ட்டில் அழகுபடுத்துவது. தேர்வில் நான் முதல் வழியையே எடுத்தேன், மூன்று வரியில் முடிகிறது.

ரோல் என்றதும் இன்னொன்று. டேட்டா ஃபங்ஷனில் ரோலைப் பார்க்காமல் எதைக் கேட்டாலும் அதே மதிப்பைத் திருப்பினால் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்காத செக்பாக்ஸ் முளைக்கும். அது வேறெங்கோ உள்ள பிழை என்று நினைத்துத் தேடாதீர்கள். தெரியாத ரோலுக்கு வெற்று கியூவேரியன்ட்டைத் திருப்புங்கள், மறைந்துவிடும்.

எழுத்துத் தாளுக்கு என் நோட்டிலிருந்து சில:

- 3.7 உள்ள கியூவேரியன்ட்டில் டுஇன்ட் கேட்டால் 4. சி++ நேரடி மாற்றம் 3 தரும். இது அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகிறது.
- மாற்ற முடியுமா என்று கேட்கும் கேன்கன்வெர்ட் ‘முடியும்’ என்றால், வகையிலிருந்து வகைக்கு வழி இருக்கிறது என்று மட்டுமே பொருள். ‘அப்துல்’ விஷயத்திலும் அது ‘முடியும்’ என்றே சொல்லும்.
- டப்பாவுக்குள்ளேயே வகையை மாற்றும் கன்வெர்ட் தோற்றால் பழைய மதிப்பு மிஞ்சாது. வகை மாறி, உள்ளே காலியாகிவிடும்.
- நிறத்தை எடுக்க டுகலர் என்று ஒன்று கிடையாது. கியூவேரியன்ட் கியூட்டியின் கோர் (அடிப்படை) பகுதியில் இருக்கிறது, நிறம் ஜியுஐ (திரைக் காட்சி) பகுதியில். வேண்டிய வகையைக் குறிப்பிட்டுக் கேட்கும் வேல்யூ டெம்ப்ளேட் மூலம்தான் எடுக்க வேண்டும்.
- சரத்தில் டுபூல் (உண்மையா பொய்யா) கேட்டால் காலிச் சரம், ‘0’, ‘ஃபால்ஸ்’ மூன்றுக்கு மட்டுமே பொய். மற்ற எல்லாம் உண்மை.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐஎன்ஐ கோப்பில் எழுதிய எண்ணும் பூலும் நிரலை மூடித் திறந்து படிக்கும்போது சரமாகவே வருகின்றன. இரண்டாம் முறை கொடுக்கப்பட்ட கோப்பில் ‘தலைப்பைக் காட்டு’ என்ற அமைப்புக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘நோ’ என்று இருந்தது. அதில் டுபூல் கேட்டால் உண்மை என்று வரும். பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குத் தலைப்பு மறையவே இல்லை, வெளியே வந்தபிறகு சொன்னார். நான் அச்சிட்டுப் பார்த்ததால் அது கியூஸ்ட்ரிங் என்று உடனே தெரிந்தது. சரத்தை நேரடியாக ஒப்பிட்டு முடித்தேன்.

தரவுத்தளக் கேள்வியிலும் இதே கதைதான். மதிப்பெண் பதியப்படாத மாணவருக்கும் பூஜ்யம் எடுத்த மாணவருக்கும் டுஇன்ட் ஒரே பதிலைத் தருகிறது. முதலில், மதிப்பே இல்லையா என்று சொல்லும் இஸ்நல் கேளுங்கள். ஒருவரைத் தேர்வே எழுதாதவர் என்றும் இன்னொருவரைத் தோற்றவர் என்றும் பிரிக்கிற இடம் அது. தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வித்தியாசம் முக்கியமானது.

பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல்முறை நான் சேர்ந்த பயிற்சி வகுப்பில் கொடுத்த குறிப்புகள் கியூட்டி 5-க்கு எழுதப்பட்டவை. கியூட்டி 6 வெளியானது 2020 டிசம்பரில். தேர்வு 6-இல் நடக்கிறது என்று தெரிந்தும் அதையே கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. 5-இல் நல் (மதிப்பே வைக்கப்படாத) நிலையில் உள்ள கியூஸ்ட்ரிங்கை கியூவேரியன்ட்டில் வைத்து இஸ்நல் கேட்டால் உண்மை, 6-இல் பொய். வகையைச் சொல்லும் டைப் என்ற ஃபங்ஷனுக்குப் பதிலாக டைப்ஐடி, மெட்டாடைப் வந்துவிட்டன. இரண்டு கியூவேரியன்ட்டுகளுக்கு நடுவே ‘சிறியது’ குறியைப் போட்டு ஒப்பிடும் வசதி போய்விட்டது, கம்பேர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இந்த மூன்றிலிருந்தும் எனக்கு ஒவ்வொரு கேள்வி வந்தது.

நான் படித்த விதம் எல்லோருக்கும் பொருந்துமா என்று தெரியாது. காலை ஐந்து முதல் ஏழு வரை, தனியாக. நாலு பேர் கூடிப் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது. ஒரு நோட்டில் மூன்று பத்திகள்: உள்ளே வைத்தது என்ன, கேட்டது என்ன, கிடைத்தது என்ன. முதலில் பதிலை ஊகித்துப் பென்சிலில் எழுதுவேன். பிறகு ஐந்து வரி நிரல் எழுதி ஓட்டி, உண்மையான பதிலைப் பேனாவில் எழுதுவேன். அப்படி 62 வரிகள் சேர்ந்தன. பென்சிலும் பேனாவும் ஒத்துப்போகாத வரிகள் 23. தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த 23-ஐ மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டிபக்கர் வைத்துப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கையால் எழுதினால்தான் நிற்கும்.

இரண்டாம் முறை வேறொரு தேர்வாளர். நூலகத்தில் புத்தகங்களின் நிலுவைத் தொகைப் பட்டியல் கேள்வியாக வந்தது. அவர் வருவதற்கு முன்பே நான் ஏழெட்டு முறை தலைப்பைச் சொடுக்கிப் பார்த்திருந்தேன். அவரும் சொடுக்கினார். 2, 5, 14, 110 என்று இறங்கியது. குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மூச்சு அப்போதுதான் சீரானது.

இழந்த 19-இல் எட்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்காவது மிஞ்சட்டும். கியூவேரியன்ட்டுக்குள் ஒரு மேப் (சாவியும் அதற்கான மதிப்பும் கொண்ட பட்டியல்) இருந்தது. டுமேப் போட்டு எடுத்து, அதே வரியில் ஒரு சாவிக்குப் புது மதிப்பைக் கொடுத்தேன். கம்பைல் ஆயிற்று, ஓடியது, எதுவும் மாறவில்லை. டுமேப் தருவது நகல். அந்த நகலில் எழுதியது அந்த வரியோடு போய்விடும். ஒரு மாறியில் வாங்கி, அதை மாற்றி, மறுபடி கியூவேரியன்ட்டுக்குள் வைக்க வேண்டும். டுலிஸ்ட்டுக்கும் அப்படியே. இது என் 62 வரிகளில் இல்லை. முடிவு வந்த அன்று இரவு 63-ஆவதாக எழுதிவைத்தேன்.