குமிழ் பிடித்துக்கொண்ட இடம்

கணினியோடு இணைத்த கட்டுப்பாட்டுப் பலகையின் குமிழைத் தொட்டதும் ஒலி சட்டென்று குதித்தது.

இசை மென்பொருளில், ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் 100-இல் நின்றது. என் விரலடியில் இருந்த குமிழோ 20-இல். லேசாகத் திருப்பியதும், இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடி அந்த 20-ஐ ஒட்டிய எண்ணைத்தான் அனுப்பியது. பிரகாசமாக இருந்த ஒலி போர்வைக்குள் போனதுபோல மங்கிவிட்டது.

சரி என்று அமைப்புகளுக்குள் போய் 'பிக்கப்' முறையைப் போட்டேன்.

இப்போது குமிழ் அந்த மதிப்பை எட்டும்வரை எதுவும் அசையவில்லை. 97, 98, 99... 100-இல் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஒலி என் விரலோடு வந்தது.

1983-இல் வந்த மிடி. சாதாரணமாக ஒரு குமிழுக்கு 0 முதல் 127 வரை, 128 படிகள்தான். மெதுவாகத் திருப்பினால் சில ஒலிகளில் அந்தப் படிகள் காதில் விழும்.

ஆனாலும் மவுஸைப் பிடித்தால் கண் திரையை விட்டு நகராது. குமிழில் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

அப்புறம் வெகுநேரம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.