ஆர்எக்ஸ் 100: கடைசியில் முள் நின்றது

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு, எஞ்சினின் வாய்களை அடைத்துக் காற்று ஏற்றி, அதில் மாட்டிய பிபி மீட்டரின் முள்ளை 300-க்குக் கொண்டுவந்து, செல்போனில் ஸ்டாப்வாட்சை ஆறு நிமிடம் ஓடவிட்டேன். எங்கும் கசிவு இல்லையென்றால் முள் நிற்கும். முடிந்தபோது முள் 290-ல் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே எஞ்சினில் இருபதே நொடியில் பூஜ்யத்துக்கு வந்த முள் இது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

வண்டி 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் பைக். பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் ஆக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்காது, சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கும். பிளக் வெளுத்திருக்கும். காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகை. கியர் ஆயிலை வடித்தால் ஊற்றியதில் 100 மில்லி குறைவு, வெளியிலோ ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கார்புரேட்டரை நாலு தடவை கழுவியாயிற்று. போன வருஷம் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனும் ஏற்றினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. பிஸ்டன் சுற்றவைக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்க ரப்பர் உதடு வைத்த ஆயில் சீல் உண்டு. மேக்னெட் (மின்சாரம் தரும் சக்கரம்) பக்க சீல் தேய்ந்தால் எஞ்சின் அந்த வழியாகக் காற்றை இழுக்கும், கிளட்ச் பக்க சீல் தேய்ந்தால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருந்தது. டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் போர் வேலைக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் இந்தக் காற்றுச் சோதனையைச் செய்துவிடுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. பழைய பிபி மீட்டரின் பல்பும் டயலும் போதும். அந்த டயலின் முழு அளவான 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. இந்தச் சோதனைக்கு வேண்டியது 6 பிஎஸ்ஐதான், அதனால் அளந்து செய்தது போலப் பொருந்துகிறது. சைலன்சரைக் கழற்றினால் சிலிண்டரில் தெரியும் வாயை அடைக்க, கெட்டியான ரப்பர் உருளையின் நடுவில் போல்ட் விட்டு, இரு பக்கமும் வாஷர் போட்டு இறுக்கினேன். ரப்பர் பிதுங்கி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பிஸ்டன் அடியில் நிற்க வேண்டும். முதல் தடவை நான் பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடித்தேன். அது தவறு. காற்றை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு, உள்ளிருந்து அழுத்தினால் மூடிக்கொள்ளும், அதற்கு வெளியே கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டில் வெடிப்பு இருந்தாலும் தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு மேனிஃபோல்ட் வாய் வழியாக அடித்தால் எல்லாம் சேர்ந்து சோதனைக்கு வரும். மேக்னெட்டைப் புல்லர் போட்டு எடுத்து சோப்புத் தண்ணீர் தடவினேன், சீலைச் சுற்றி நுரை பொங்கியது. கியர் ஆயில் ஊற்றும் ஓட்டையில் காதை வைத்தால் அங்கேயும் மெல்லிய சீறல்.

சரி, சீலை மாற்றினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மேக்னெட் பக்க ஷாஃப்ட்டைக் கையால் தூக்கிப் பார்த்தபோது நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் 0.08 மி.மீ. காட்டியது. புது பியரிங்கில் 0.02 வாக்கில்தான் வரும். ஷாஃப்ட் அப்படி ஆடினால் புதுச் சீலின் உதடும் சீக்கிரம் கிழியும். எஞ்சினை முழுசாகப் பிரிப்பது தவிர வழியில்லை. பிரித்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும் ஆட்டம். ராடு கிட், பியரிங் இரண்டு, சீல் இரண்டு.

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் அண்ணன், கிராங்கின் இரண்டு தட்டுகளையும் ராடோடு சேர்க்கும் பின்னை அழுத்திக் கொடுத்தார். “நேர் பார்க்கிறதுக்கு அவசரப்படாதே தம்பி, அரை நாள் உட்கார்” என்றார். அப்படியே உட்கார்ந்தேன். கிராங்க் நேராக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு ஷாஃப்ட் முனையிலும் டயல் வைத்துச் சுற்ற வேண்டும். முள் அதிகம் ஏறும் இடம் இரண்டு முனையிலும் எதிரெதிராக, பின்னுக்கு 90 டிகிரியில் வந்தால் தட்டுகள் முறுக்கியிருக்கின்றன, செம்புச் சுத்தியலால் தட்டின் விளிம்பில் அடிக்க வேண்டும். பின் இருக்கும் திசையிலேயே வந்தால் தட்டுகள் விரிந்தோ குறுகியோ இருக்கின்றன, வைஸில் பிடிக்க வேண்டும், அல்லது ஆப்பு வைக்க வேண்டும். எனக்கு இரண்டும் கலந்து வந்தது. முதலில் 0.15. ஓர் அடி கொடுத்தால் 0.09, அடுத்த அடியில் மறுபடி 0.13. மூன்றரை மணி நேரத்தில் இரு பக்கமும் 0.02-க்குள் வந்தது. 0.03 வரை போகலாம். வேலை முடித்த பிறகும் கிராங்கை மெதுவாகச் சுற்றி அந்த முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பியரிங் வாங்கும்போது சி3 என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சாதாரண பியரிங்கை இறுக்கமான எஞ்சின் கேஸில் ஏற்றினால், சூட்டில், இருக்கிற இடைவெளியும் போய்விடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு பெட்டி பார்த்தேன், எழுத்து கோணலாக இருந்தது, போலியோ என்று தோன்றியது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். மில்களுக்கு பியரிங் கொடுக்கும் கடையில் நல்லதாகவே கிடைத்தது, விலையும் குறைவு. 1996-ல் உற்பத்தி நின்ற வண்டிக்குப் பிஸ்டனும் கியரும் தேட சென்னை புதுப்பேட்டை வரை போகலாம், ஆனால் பியரிங்குக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

கேஸை கேக் சுடும் ஓவனில் 100 டிகிரிக்குச் சூடாக்கி, பியரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்தேன். சுத்தியலே தொடாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பழைய சீல் ஷாஃப்ட்டில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு போட்டிருந்தது. அதனால் புதுச் சீலை ஒரு மி.மீ. வெளியே தள்ளி உட்காரவைத்தேன், உதடு இப்போது தேயாத இடத்தில் ஓடுகிறது. சீலின் ஸ்பிரிங் பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

எஞ்சினைப் பூட்டிய பிறகு செய்த முதல் சோதனையில் முள் 300-லிருந்து 240-க்கு இறங்கியது. சிலிண்டர் அடி கேஸ்கெட்டில் நுரை வந்தது. மாற்றிய பிறகுதான் நேற்றைய 290.

ஆயில் பம்ப் குறி இன்னும் சரிபார்க்கவில்லை. மேக்னெட்டை ஷாஃப்ட்டில் சரியான இடத்தில் நிறுத்தும் அரைவட்டச் சாவியின் ஓரம் மழுங்கியிருக்கிறது, புதுசு சனிக்கிழமை வருகிறது. இதற்குள் நண்பனின் சுசுகி சாமுராய் பைக்கும் நம் ஷெட்டில் வந்து நிற்கிறது. நேற்றே அதன் சைலன்சரைக் கழற்றிவிட்டேன், ரப்பர் அடைப்பு அதற்குச் சின்னதாக இருக்கிறது, இன்னொன்று வெட்ட வேண்டும்.